ஆமையின் கண் வீங்கினால் முதலில் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் வேளச்சேரியில் ஏழாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மகன் ஆசைப்பட்டான் என்று ஒன்றரை வருடத்துக்கு முன்பு சல்காட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமைக்குட்டி ஒன்று வாங்கினோம். பெயர் முத்து. இப்போது உள்ளங்கை அளவு இருக்கிறது. பழைய மீன்தொட்டியில் மரத்தூள் பரப்பி, மகனின் ஏசி அறையில் வைத்திருக்கிறோம். போன மாதம் ஆன்லைனில் ஒரு யூவி பல்பு வாங்கித் தொட்டியின் பக்கவாட்டில் கிளிப் போட்டு மாட்டினோம். பத்து நாளாக இரண்டு கண்ணும் வீங்கித் தண்ணீர் வடிகிறது, முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டுமருந்தை மூன்று நாள் போட்டோம். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்து மறுபடியும் வீங்கிவிட்டது. நந்தியாவட்டைப் பூ ஊறவைத்த தண்ணீரை விடலாம் என்கிறார் என் மாமியார். விடலாமா? பையன் தினமும் அழுகிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தையும் கூடவே அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்தேன். கண்ணின் படம் மூன்று, தொட்டியின் படம் ஒன்று. எனக்கு அதிகம் சொன்னது அந்த ஒன்றுதான். ஆமைக்குக் கண் வீங்கினால் எல்லோரும் கண்ணுக்கு மருந்து தேடுகிறார்கள், அது இயல்புதான். ஆனால் என்னிடம் வரும் கண் கோளாறுகளில் பாதிக்கு மேல் கண்ணில் தொடங்குவதில்லை. அது இருக்கிற இடத்தில் தொடங்குகிறது. இடத்தை மாற்றாமல் மருந்து மட்டும் போட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும், மூன்று நாள் குறையும், நாலாம் நாள் திரும்ப வீங்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். அந்தப் பல்பை அணைத்துக் கழற்றி வைத்துவிடுங்கள். மரத்தூள் முழுவதையும் கொட்டிவிட்டு, கண் ஆறும்வரை வெறும் கிச்சன் டவல் பேப்பரை விரித்து, அழுக்காகும் போதெல்லாம் மாற்றுங்கள். முத்துவை ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து, காற்று நேராக அடிக்காத ஒரு மூலையில் வையுங்கள். மருந்துக்கடையில் நார்மல் சலைன் என்று கேட்டால் சின்ன பாட்டில் கிடைக்கும், 0.9 சதவீத உப்புக் கரைசல். அதை உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக்கி, தினம் இரண்டு மூன்று தடவை கண்மேல் மெதுவாகச் சொட்டு சொட்டாக விடுங்கள். பஞ்சால் துடைக்க வேண்டாம், இமையை விரலால் பிரிக்கவும் வேண்டாம். பத்து நாள் வீக்கம், அதில் நாலு நாள் பட்டினி என்பதால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திவிடக் கூடாது, இரண்டு நாளுக்குள் ஆமைகளைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

நந்தியாவட்டை விஷயம். உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், நம் ஊரில் கண் எரிச்சலுக்கு அந்தப் பூவைக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தச் செடியைக் கிள்ளினால் பால் வரும், கவனித்திருப்பீர்கள். பூ ஊறிய தண்ணீரில் மகரந்தமும் கிருமியும் கலந்திருக்கும். ஏற்கெனவே புண்ணாகியிருக்கக்கூடிய கண்ணில் அதை விட வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், பன்னீர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

அந்தச் சொட்டுமருந்தின் அட்டையை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். இவை ஸ்டீராய்டு வகை. சிவப்பும் வீக்கமும் சட்டென்று குறைவதால் மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும், ஆனால் கருவிழியில் புண் இருந்தால் அதை ஆறவிடாது, ஆழமாக்கியும் விடும். புண் இருக்கிறதா என்பதை ஃப்ளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த ஒரு சின்னத் தாளை வைத்து மருத்துவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். அதைப் பார்க்காமல் யார் எந்தச் சொட்டு கொடுத்தாலும் போடாதீர்கள்.

சரி, இனி ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம்.

நமக்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. கண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும், அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். ஆமைக்கு அந்தக் குழாய் கிடையாது. கண்ணீர் கன்னத்தில் வழியும், இல்லையென்றால் காற்றில் காயும். அதனால் கண் பளிச்சென்று திறந்து, முகத்தில் லேசாக ஈரம் மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்ணில் விழுந்த தூசியைக் கழுவி உள்ளே இழுத்துக்கொள்ள வழியில்லை. கண்ணை மூடும்போது முக்கியமாகக் கீழிமைதான் மேலே ஏறி மூடுகிறது, தரையிலிருந்து எழும் தூள் அந்தக் கீழிமைப் பைக்குள்ளேதான் போய்த் தங்கும். உள்ளே மூன்றாவது இமை ஒன்றும் இருக்கிறது, அதற்கு அடியில் ஒரு மரச்சிம்பு ஒளிந்துகொண்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நம்மைப் போல ஒழுகும் சீழும் ஆமைக்கு வராது. அதன் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக இறுகிவிடும், இமைக்கடியில் அப்படி ஒரு கட்டி சேர்ந்துவிட்டால் எந்தச் சொட்டுமருந்தும் அதைக் கரைக்காது, மருத்துவர்தான் கழுவி எடுக்க வேண்டும்.

நான் எப்போதும் முதலில் கேட்பது ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்று. ஒரு கண் மட்டும் என்றால் வைக்கோல் நுனி குத்தியது, சிம்பு விழுந்தது, இன்னொரு ஆமை கடித்தது என்று அந்தக் கண்ணுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றைத் தேடுவேன். இரண்டும் சேர்ந்து வீங்கினால் அது மூச்சுவிடும் காற்று, அதன்மேல் விழும் வெளிச்சம், அது நடக்கும் தரை, அல்லது உடம்பு முழுவதையும் பிடித்த நோய். உங்கள் முத்துவுக்கு இரண்டும் வீங்கியிருக்கிறது.

பல்பிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் அதிகம். நீங்கள் வாங்கியது சுருள் வடிவச் சின்னப் பல்பு, பெட்டியில் தயாரிப்பாளர் பெயர்கூடச் சரியாக இல்லை. பக்கவாட்டில் மாட்டியிருக்கிறீர்கள், படத்தில் பல்புக்கும் முத்துவின் முகத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. யூவி என்ற புற ஊதாக்கதிரில் பல அலைநீளங்கள் உண்டு. சூரியனிலிருந்து வருவதில் சுமார் 290 நானோமீட்டருக்குக் குறைவானதை வளிமண்டலமே வடிகட்டிவிடுகிறது, அதனால் எந்த ஆமையின் கண்ணும் அதைச் சந்தித்ததே இல்லை. மோசமாகத் தயாரித்த சில பல்புகள் அந்தக் குறுகிய கதிரையும் கக்கும். 2006, 2007 வாக்கில் சில சுருள் பல்புகளால் உலகெங்கும் ஊர்வன வளர்ப்பவர்களின் பிராணிகளுக்குக் கண் வெந்துபோனது பெரிய பேச்சானது. அதற்குப் பிறகு நல்ல தயாரிப்பாளர்கள் சரிசெய்துகொண்டார்கள், ஆனால் பெயரில்லாத பல்புகள் இன்றும் விற்கின்றன. கண்ணாடி போடாமல் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டிய மாதிரி எரிந்தது என்பார்கள். அதே எரிச்சல்தான் இது. முத்துவால் சொல்ல முடியாது, காலால் தேய்க்கத்தான் முடியும்.

பல்பு நல்லதாகவே இருந்தாலும் பக்கவாட்டில் வைப்பது தவறு. ஆமைகள் மேலிருந்து வரும் வெயிலுக்குப் பழகியவை. நெற்றி எலும்பின் விளிம்பும் மேலிமையும் கண்ணுக்குத் தாழ்வாரம் போட்ட மாதிரி நிழல் கொடுக்கும். பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் அந்தத் தாழ்வாரம் எதற்கும் உதவாது, நேராகக் கருவிழியில் அடிக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது மனதில் ஏறவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். மூன்று வாரம் நான் சொட்டுமருந்தை மாற்றி மாற்றி எழுதிக்கொடுத்தேன். கடைசியில் என் கிளினிக்கிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டேன், அன்று மருந்து தீர்ந்துபோயிருந்ததால் வெறும் சலைன்தான் விட்டேன், மூன்றாம் நாள் காலை இரண்டு கண்ணும் திறந்திருந்தது. சந்தோஷமாக அனுப்பி வைத்தேன். வீட்டுக்குப் போன நாலாம் நாள் மறுபடி மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் அவர் அறைக்கே போய்ப் பார்த்தேன், குட்டி படுக்கும் மூலைக்கு நேராக, அதன் முகமட்டத்தில் பல்பு. அந்த மூன்று வாரம் அது பட்ட வலி முழுவதும் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் வந்தது. அன்றிலிருந்து தொட்டியின் படம் இல்லாமல் நான் கண்ணுக்கு மருந்து எழுதுவதில்லை.

அப்படியென்றால் யூவி வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அதில் யூவிபி என்ற பகுதி இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உண்டாகாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஆனால் சென்னையில் அது கூரைக்கு மேலே இலவசமாகக் கிடைக்கிறது. காலை 7.30 மணியிலிருந்து 9 மணிக்குள் அரை மணி, முக்கால் மணி நேரம் பால்கனியில் விட்டால் போதும், கண் ஆறிய பிறகு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவிபி கிட்டத்தட்ட இருக்காது, நேர் வெயிலாக இருக்க வேண்டும். பாதி இடத்தில் நிழலும் தண்ணீர்த் தட்டும் கட்டாயம். மீன்தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள், கண்ணாடித் தொட்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும், அப்படி இறந்துபோன குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏழாவது மாடி என்பதால் கம்பி இடைவெளியை அடையுங்கள். காகம் வரும், ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், அது உங்கள் மகனின் வேலையாக இருக்கட்டும், பெரியவர் ஒருவர் கண்பார்வையில்.

விளக்கு வாங்கியே தீர வேண்டும் என்றால் டியூப் வடிவ டி5 வாங்குங்கள், ஊர்வனவற்றுக்கென்றே செய்யும் நல்ல தயாரிப்பாளருடையதாக. அதைத் தலைக்கு மேலே, படுக்கைவசமாக மாட்டுங்கள். எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பது அந்தந்த டியூபுக்கு மாறும், பெட்டியில் படம் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஆமையின் முதுகிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டருக்குள் வரும். தொட்டியின் ஒரு பாதியில் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும், பிடிக்காதபோது அது நகர்ந்து போக நிழல் வேண்டும். 12 மணி நேரம் எரிந்தால் போதும். ஒரு வருடத்தில் மாற்றிவிடுங்கள், வெளிச்சம் பிரகாசமாகவே இருந்தாலும் யூவிபி குறைந்திருக்கும்.

அடுத்து தரை. மரத்தூள். மரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கிறது, மலிவு, உறிஞ்சும் என்று பலர் போடுகிறார்கள். ஆமையின் முகம் தரையிலிருந்து மூன்று நாலு சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தூள் எழும்பி முகத்தில் படும். அந்தத் தூளில் என்ன மரம், எந்தப் பிளைவுட்டின் பசை, கரையானுக்கு அடித்த எந்த மருந்து கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. உமியும் வேண்டாம், அதில் சிலிக்கா அதிகம், நுனி கூர். மணலும் வேண்டாம், பூனைக்குப் போடும் லிட்டர் மண்ணும் வேண்டாம். வைக்கோலோ காய்ந்த புல்லோ சாப்பிடப் போடலாம், ஆனால் வெளியே நன்றாக உதறித் தூசி போக்கி, கதிர் நுனிகளைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள்.

நம் ஊருக்குத் தோதானது தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாக வருகிறது, செடிக் கடையில் கோகோபீட் என்று கேளுங்கள். கழுவாத நார்த்தூளில் உப்பு நிற்கும், அதனால் கழுவியது, லோ ஈசி, அதாவது உப்பு குறைவு, என்று போட்டிருப்பதை வாங்கி, வீட்டிலும் ஒரு தடவை அலசிப் பிழிந்துவிடுங்கள். ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். பதம் எப்படி இருக்க வேண்டும் என்றால், புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இதை முழுசாகக் காயவிட்டால் இதுவும் தூசிதான், மரத்தூளை மாற்றியதில் ஒரு பயனும் இருக்காது. அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மூலைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். அடிப்பகுதி ஈரமாகவும் மேல்பகுதி வறண்டு போகாமலும் இருக்கும். மேலே எப்போதும் சொதசொதவென்று இருந்தால் ஆமையின் அடிப்பக்க ஓடு அழுகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். சல்காட்டா பாலைவன ஆமை, வறட்சியாக வைத்தால்தான் நல்லது என்று விற்பவர்களே சொல்கிறார்கள். அது செனகல், மாலி, சாட், சூடான் என்று சஹாராவின் தெற்கு ஓரத்து ஆமை என்பது சரிதான். ஆனால் அந்த வெயிலில் அது மேலே சுற்றிக்கொண்டிருப்பதில்லை. மீட்டர் கணக்கில் நீளும் வளை தோண்டி, அதற்குள்தான் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். குட்டிக்கு அந்த ஈரம் இன்னும் முக்கியம். ஓடு கோபுரம் கோபுரமாகக் குவிந்து வளர்வதற்கு வறண்ட காற்றுதான் பெரிய காரணம் என்று இதே சல்காட்டா குட்டிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. முத்துவின் ஓட்டிலும் அந்தக் குவியல் தொடங்கியிருப்பது படத்தில் தெரிகிறது. ஓட்டைக் குவிக்கும் அதே வறட்சிதான் கண்ணையும் காயவைக்கிறது.

உங்கள் மகனின் அறையில் நடப்பது இதுதான். சென்னையின் வெளிக்காற்றில் ஈரப்பதம் சராசரியாக 60-லிருந்து 80 சதவீதம், அதாவது இந்தக் குட்டிக்கு வேண்டியது கிட்டத்தட்ட வாசலிலேயே இருக்கிறது. ஏசி அதைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. மிச்சமிருந்ததைப் பல்பின் சூடு எடுத்துவிடுகிறது. வறட்சியோடு குளிரும் சேர்கிறது. சல்காட்டா குளிர்காலம் தூங்கிக் கழிக்கும் ஆமை இல்லை, ராத்திரி ராத்திரி 23, 24 டிகிரியில் அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகும். உங்கள் ஹாலில் ஃபேன் நேராகப் படாத இடமே அதற்குப் போதும். வெயில் காயும் மூலை 35 டிகிரியிலிருந்து 38 வரை, நிழல் மூலை 26, 27, ராத்திரி 25-க்குக் கீழே போகாமல், ஈரப்பதம் 70 முதல் 80. ஈரத்தோடு குளிர் சேர்ந்தால் மட்டும் சளி பிடிக்கும், கதகதப்போடு ஈரம் என்றால் பயமில்லை. மார்கழி, தை ராத்திரிகளுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்று, தெர்மோஸ்டாட்டோடு. முள் காட்டும் ஒட்டு மீட்டர்களை நம்ப வேண்டாம், ஒயரோடு சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, சென்சாரை ஆமையின் முகமட்டத்தில் வையுங்கள். நமக்கு வேண்டியது அங்கே இருக்கும் கணக்குதான், அறையின் கணக்கு இல்லை.

வாசனை விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு நாள் காலையில் தொட்டிக்குள் குனிந்து, மூக்கைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்குக் கொண்டுபோய் மூச்சிழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி மூக்கைச் சுள்ளென்று குத்தினால் அது அம்மோனியா, முத்து அதில்தான் 24 மணி நேரமும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. உயரமான கண்ணாடிச் சுவர் காற்றை ஓடவிடாததால் நெடி அடியிலேயே தங்கும். கழிவை தினம் எடுத்துவிட வேண்டும், ஈரமான இடத்து நார்த்தூளை அள்ளி மாற்ற வேண்டும், மாதம் ஒருமுறை முழுசாக. அப்புறம் நம் வீட்டுப் பழக்கங்கள். கொசுவத்திச் சுருள், ஆல் அவுட் மாதிரி திரவங்கள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், தரை துடைக்கும் ஃபினாயில். ஃபினாயில் போட்டுத் துடைத்த ஈரத் தரையில் முத்துவை நடக்கவிட்டால் அதன் முகம் ஃபினாயிலுக்கு மேலேதான் நகர்கிறது. சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த நேரம் அதை வேறு அறையில் வையுங்கள், துடைத்தால் வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்துக் காயவிடுங்கள்.

மீன்தொட்டியையே மாற்றிவிடலாம். கண்ணாடி என்ற ஒன்று இருப்பது ஆமைக்குப் புரியாது, வெளியே தெரியும் இடத்துக்குப் போகவே பார்க்கும், சுவரோரமாகவே நடந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். வெளியே தெரியாத பக்கங்கள் உள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி, இல்லாவிட்டால் கார்பென்டரிடம் சொல்லி 4 அடிக்கு 2 அடி மரப்பெட்டி. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான், வளர்ந்த சல்காட்டா 40, 50 கிலோ வரும், எழுபது வருடத்துக்கு மேலும் வாழும். ஏழாவது மாடியில் அதை என்ன செய்வது என்று குடும்பமாக உட்கார்ந்து இப்போதே பேசிவையுங்கள்.

குளியல் ஒரு நல்ல மருந்து. கண் நோயில் இருக்கும்போதும் தினம் 15, 20 நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீரில், தலையைத் தூக்காமலே மூக்கு வெளியே இருக்கும் ஆழத்தில். தண்ணீர் குடிக்கும், தலையை முக்கி எடுக்கும்போது கண் தானாகக் கழுவப்படும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சமையலறைத் தொட்டியில் வேண்டாம், தனி டப்பா. ஆமை உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம் என்பதால் தொட்ட பிறகு உங்கள் மகன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், அழும்போது அந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிறான்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக. அருகம்புல் பிரதானமாக இருக்கட்டும், கூடவே செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, கொஞ்சம் முருங்கை. சப்பாத்திக்கள்ளி மடல் நல்லதுதான், ஆனால் பெரிய முள்ளைச் சீவியதோடு விடாமல் அடுப்பில் வாட்டி அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுணை முள்ளையும் கருக்கிவிட வேண்டும், அது இமையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. பால்கனியில் எருக்கு, பால் வடியும் கள்ளி வகைச் செடிகள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், அவற்றின் பால் கண்ணைப் பொசுக்கும்.

கண் வீங்கினாலே வைட்டமின் ஏ குறைவு என்று ஊசி போடச் சொல்பவர்கள் உண்டு. காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்த நீர் ஆமைகளில் அது உண்மையாகவே வரும். கீரையும் புல்லும் தின்னும் ஆமையில் அது அரிது, அளவு மீறினால் தோல் உரிந்து ரணமாகும். இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள், நாய்க்கும் மாட்டுக்கும் பூச்சிக்காகக் கொடுக்கும் ஐவர்மெக்டினை யார் சொன்னாலும் ஆமைக்குப் போட அனுமதிக்காதீர்கள். அது ஆமையைக் கொன்றுவிடும்.

மருத்துவரிடம் போகும்போது தொட்டியின் படம், பல்பின் பெட்டி, சொட்டுமருந்து மூன்றையும் எடுத்துப் போங்கள். மூக்கில் குமிழ் வருகிறதா, வாயைத் திறந்து மூச்சுவிடுகிறதா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்று இன்று இரவே கவனியுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால், அல்லது கருவிழி நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரிந்தால், இரண்டு நாள் காத்திருக்காமல் நாளைக் காலையே போய்விடுங்கள்.

ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. சல்காட்டா வெளிநாட்டு இனம் என்பதால் 2024-இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து முடித்துவிடுங்கள். படத்தில் இருப்பது சல்காட்டாதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது ஓட்டில் நட்சத்திரக் கோடுகள் உள்ள நம் ஊர் ஆமையை வைத்திருந்தால், அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, வீட்டில் வளர்க்கவே கூடாது, வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

இரண்டு கண்ணும் இத்தனை சீக்கிரம் வீங்கியதற்குப் பல்பு மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தூளும் வறட்சியும் நெடியும் சேர்ந்தே செய்திருக்கலாம், அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறேன். வெளிச்சத்தால் வந்த எரிச்சல் என்றால் பல்பை அணைத்த மூன்று நாலு நாளில் வித்தியாசம் தெரியும். மருத்துவரைப் பார்த்தபின் சமையலறைத் தராசில் முத்துவின் எடையைப் போட்டு, தேதியோடு ஒரு நோட்டில் உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு எழுதும்போது அந்த எடையையும், கண்ணின் படம் ஒன்றையும், புது இடத்தின் படங்கள் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.